பைலட் எங்கே தூங்குவாள்?

அந்த வாரம் நான் பெண்களுக்காகக் குரல் கொடுப்பதென்று முடிவு செய்திருந்தேன். வீட்டில் இருக்கிற பெண்ணுக்குத் தெரியாமல்.

எனக்கு அப்போது லிஃப்ட் ரிப்பேர் செய்யும் கம்பெனியில் வேலை. நாள் முழுக்க ஒரு சதுரக் கிணற்றுக்குள் மேலும் கீழும் போய் வருகிறவனுக்குச் சாயங்காலம் கொஞ்சம் அண்டவெளி தேவைப்படும். அதற்காகத்தான் வீடியோ கேம். அதிலும் விண்கப்பல் வருகிற கேம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். என் மனைவி பஸ் டிப்போவில் டூட்டி போடுகிறவள். எந்த டிரைவர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுப்பது என்று தீர்மானிக்கிற நாற்காலி அவளுடையது. முந்நூறு டிரைவர்கள் அவளைக் கண்டால் பயப்படுவார்கள். என்னையும் சேர்த்தால் முந்நூற்று ஒன்று. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்று அவள் இல்லை. இருந்திருந்தால் இதை என்னை எழுத விட்டிருக்க மாட்டாள், விட்டிருந்தாலும் திருத்தியிருப்பாள்.

கேம் விற்கும் கடை ஒன்றின் மாடியில் ஞாயிறுதோறும் எங்கள் ரசிகர் வட்டம் கூடும். வட்டத்தில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டும் ஆண்கள். கடற்கரை ஊர் ஒன்றில் மூன்று நாள் கேம் கண்காட்சி நடக்கப் போவதாகவும், ஒவ்வொரு வட்டமும் ஒரு பிரதிநிதியை அனுப்பலாம் என்றும் அறிவிப்பு வந்தது. பஸ் டிக்கெட், ரூம், சாப்பாடு எல்லாம் அவர்களே. புது கேம்களை யாருக்கும் முன்னால் தொட்டுப் பார்க்கலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று: அங்கே மேடையேறிப் பேச வேண்டும். தலைப்பு, விண்வெளி கேம்களில் பெண்களைச் சரியாகக் காட்டுகிறார்களா.

ஆளைத் தேர்ந்தெடுக்க எங்களுக்குள் ஒரு பேச்சுப் போட்டி வைப்பதாகக் கடைக்காரர் சொன்னார். எங்களில் பெண் யாரும் இல்லாததால் கருத்துகளுக்குப் பஞ்சமே இல்லை. மருந்துக் கடை வைத்திருந்தவர் கவசத்தைப் பிடித்துக்கொண்டார். ஆண் வீரனுக்குக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை இரும்பு, வீராங்கனைக்கு மட்டும் மூன்று தட்டு இரும்பு. எதிரிகள் ரொம்ப மரியாதை தெரிந்தவர்கள், அந்த மூன்று இடத்தை மட்டும் குறிபார்த்துச் சுடுகிறார்கள் என்றார். பேங்க் குமாஸ்தா, வீராங்கனை என்பவள் ஜடை போட்ட வீரன்தான், வேறெந்த வித்தியாசமும் இல்லை என்றார். போட்டோ ஸ்டுடியோக்காரருக்கு எதிர்க்கட்சி. நாமெல்லாம் பார்க்கச் சகிக்காமல் இருக்கிறோம் என்பதற்காக அவர்களும் அப்படி இருக்க வேண்டுமா என்று கேட்டார்.

என் புகார் வேறு. அப்போது நாங்கள் எல்லாரும் ஆடிக்கொண்டிருந்த கேமில் நாம்தான் கேப்டன். கப்பலை ஓட்டுகிற பைலட் ஒரு பெண். நல்ல திறமைசாலி. மூன்றாம் கட்டம் முடிகிற இடத்தில், இந்தக் கப்பலை இனி நான் ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வழியில் ஒரு நிலையத்தில் இறங்கிப் போய்விடுவாள். கப்பல் அடுத்த பாறையில் மோதும். ஆட்டம் காலி. காரணமே இல்லாமல் கோபித்துக்கொள்ளும் பெண்ணாக அவளைக் காட்டியது தவறு, எந்தப் பெண்ணும் இப்படிச் செய்ய மாட்டாள். இதுதான் என் கட்சி. ஆனால் மேடையில் நிரூபிக்க வேண்டுமே. அதற்கு ஒரு பெண் வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒரே பெண்.

அவளிடம் உண்மையைச் சொல்லிக் கேட்க முடியாது. மாமனாருக்குக் கண் ஆபரேஷன் ஆகி எங்கள் வீட்டில் இருந்தார். நாலு வேளை சொட்டு மருந்து. காலை இரண்டு வேளை அவள், மாலை இரண்டு வேளை நான். இந்த நேரத்தில் மூன்று நாள் கேம் பார்க்கப் போகிறேன் என்றால் என் கண்ணுக்கும் சொட்டு மருந்து தேவைப்பட்டிருக்கும். ஆகவே திட்டம் போட்டேன். முதலில் ஜெயிப்பது. ஜெயித்த பிறகு, தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதியாக அவள் முன்னால் போய் நிற்பது. மக்கள் தீர்ப்பை அவளாலும் மாற்ற முடியாதல்லவா? அந்த நம்பிக்கையில் ஆபீசில், கடற்கரை ஊருக்குப் போவதாகச் சொல்லி, மூன்று நாள் லீவும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானாகப் போய் ஒரு துண்டை எடுத்து மடித்தேன். அதிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"எங்க ஆபீஸ்ல ஒரு டிரைவர் அம்மா" என்றேன்.

"லிஃப்ட் கம்பெனில டிரைவர் அம்மா எதுக்கு?"

"சாமான் ஏத்துற வண்டிக்கு. புதுசா வந்திருக்காங்க. நேத்து திடீர்னு இனிமே ஓட்ட மாட்டேன்னு பாதி வழியில இறங்கிப் போயிட்டாங்க. ஒரு காரணமும் இல்ல. பொம்பளைங்க இப்படிச் செய்வாங்களா?"

"பொம்பளைய விடுங்க. எத்தனை மணி நேரமா ஓட்டினா?"

யோசித்தேன். கேமில் அவள் இருக்கையைவிட்டு எழுந்து நான் பார்த்ததில்லை.

"எப்பவுமே ஓட்டுவாங்க" என்றேன்.

"ரிலீவர் யாரு?"

"அப்படின்னா?"

"இவ இறங்கினா அடுத்து ஏறுற ஆளுங்க."

"அப்படி யாரும் இல்ல."

அவள் துண்டை என் கையிலிருந்து வாங்கி, பிரித்து, சரியாக மடித்தாள். "ராத்திரி எங்க தூங்குறா?"

கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து போய் டிவியில் கேமைப் போட்டேன். மாமனார் ஒரு கண்ணில் கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் வேறு பொழுதுபோக்கு இல்லை. கப்பல் முழுக்கத் தேடினேன். கேப்டன் அறையில் கல்யாண மண்டபம் மாதிரி ஒரு கட்டில், தலைமாட்டில் மீன் தொட்டி. பீரங்கி சுடுகிறவனுக்கு ஒரு படுக்கை. ரோபோவுக்குக்கூடச் சாய்ந்து நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்ள ஒரு மூலை.

"அந்தக் கதவைத் திறந்து பாருங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

"அது துப்பாக்கி வைக்கிற ரூம் மாமா."

"துப்பாக்கிக்கு ரூம் இருக்கு" என்றார். கட்டில்லாத கண்ணால் திரையை உற்றுப் பார்த்து, "அந்தப் பொண்ணுக்குக் குளிராதா?" என்றும் கேட்டார்.

"கப்பலுக்குள்ள ஹீட்டர் இருக்கும் மாமா."

"அப்போ அந்த ஆம்பளை எதுக்கு இவ்வளவு போத்திக்கிட்டிருக்கான்?"

அவருக்கு மருந்து நேரம் வந்ததால் தப்பித்தேன்.

அடுக்களைக்குப் போய், அந்த அம்மாவுக்குப் படுக்க இடமே இல்லையாம், சீட்டிலேயேதானாம் என்று சொன்னேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். அந்த அம்மா இதுவரை வாயைத் திறந்து எதையும் கேட்டதே இல்லையா என்றாள். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. முதல் கட்டத்திலேயே பைலட், தலை வலிக்கிறது கேப்டன் என்று ஒரு முறை சொல்வாள். நாம் பதிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தக் கப்பலின் நட்சத்திரமே நீதான் என்ற பதிலைத்தான் ஒவ்வொரு தடவையும் அமுக்கியிருந்தேன்.

"தலை வலிக்குதுன்னாங்களாம். மேனேஜர் ரொம்பப் பாராட்டிப் பேசினாராம்."

"பாராட்டைத் தலைக்கு வச்சுப் படுக்க முடியுமா?"

அடடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நேராகக் குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டு, அந்த வாக்கியத்தை மறக்காமல் இருக்கப் பலமுறை சொல்லிப் பார்த்தேன். என் கட்சியை அங்கேயே மாற்றிக்கொண்டேன். பைலட் இறங்கிப் போனது சரி. இப்படி ஒரு பேச்சை அந்த வட்டம் கேட்டதே கிடையாது.

அதற்குப் பிறகு தினமும் அவளே ஆரம்பித்தாள். அந்த டிரைவர் அம்மா என்ன ஆனா என்று கேட்பாள். நான் ஒரு வரி போட்டால் அவள் நாலு வரி கொடுப்பாள். திறமைசாலி என்று பெயர் வாங்கினால் லீவு கிடைக்காது என்றாள். கோபத்தில் இறங்கிப் போகிறவள் மறுநாள் வருவாள், அமைதியாக இறங்கிப் போகிறவள் வர மாட்டாள் என்றாள். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு சரக்கு உள்ள மனுஷியை இத்தனை வருஷம் வீணாக்கிவிட்டோமே என்றுகூட வருத்தப்பட்டேன்.

ஞாயிறு காலை, ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று சொல்லிப் புறப்பட்டேன். அவள் என் நல்ல சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். நின்றுபோன லிஃப்டைப் பார்க்க நல்ல சட்டை எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். சட்டை நன்றாக இருந்ததால் கேட்கவில்லை.

பேச்சு பிரமாதம். கவசத்தைப் பற்றியும் ஜடையைப் பற்றியும் பேசினார்களே, அவள் எங்கே தூங்குவாள் என்று யாராவது கேட்டோமா என்றேன். மீன் தொட்டியைச் சொன்னேன், துப்பாக்கி அறையைச் சொன்னேன். பாராட்டைத் தலைக்கு வைத்துப் படுக்க முடியுமா என்றபோது போட்டோ ஸ்டுடியோக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கை தட்டல் நிற்கவே இல்லை. என் கால் ஏற்கெனவே கடல் மணலில் இருந்தது.

மருந்துக் கடைக்காரர்தான் எழுந்தார். "எல்லாம் சரி. பைலட்டுக்கு ஒரு கட்டில் போட்டுட்டா பிரச்சினை தீர்ந்துடுமா?"

இந்தக் கேள்வியை நான் வீட்டில் கேட்டு வைக்கவில்லை. தண்ணீர் குடித்தேன்.

"தீராது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

மாடிப்படி வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். தோளில் கைப்பை. பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மாமனார். நின்றுபோன லிஃப்டுக்குள் நான்தான் இருக்கிறேன் என்பது அப்போது புரிந்தது.

"கட்டில் போட்டா அவ படுப்பா. அப்போ கப்பலை யாரு ஓட்டுறது? கேப்டன் வந்து சீட்ல உட்காரணும். உங்க கேப்டனுக்கு ஓட்டத் தெரியுமா?"

நாங்கள் பன்னிரண்டு பேரும் அந்தக் கேப்டனாக இருந்து அண்டத்தைப் பலமுறை காப்பாற்றியவர்கள். ஓட்டுவதற்கு என்று கேமில் ஒரு பட்டன்கூட இல்லை.

"சொந்தக்காரங்களா?" என்று கடைக்காரர் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

அவளே முன்னால் வந்து விளக்கினாள். டிப்போவில் டூட்டி அறிவிக்கிற குரல் அது, மைக் தேவைப்படவில்லை. வீட்டுக்காரர் ஆபீசில் படுக்க இடம்கூட இல்லாமல் ஒரு பெண் ராப்பகலாக வண்டி ஓட்டுகிறாள் என்று கேள்விப்பட்டு, மனசு கேட்காமல் புதன்கிழமை அந்தக் கம்பெனிக்கு போன் செய்தாளாம். அப்படி ஒரு அம்மாவே இங்கே இல்லை என்று மேனேஜர் சொன்னாராம். நீங்கள் மூன்று நாள் கடற்கரைக்குப் போகிறீர்களாமே, சந்தோஷம் என்றும் சொன்னாராம். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மாமனார்தான் கடைசியாக நிறுத்தினார். டிவியில் நான் தேடிய கப்பலைப் பற்றி அவளிடம் சொன்னது அவர்தானாம்; ஞாயிறுதோறும் நான் ஏறுகிற மாடி அவளுக்கு முன்பே தெரியும்.

கடைக்காரர் அவளுக்கு நாற்காலி போட்டார். "அண்ணி, அந்தக் கவசத்தைப் பத்தி உங்க கருத்து என்ன?"

"குறைச்சலா இருக்கா நிறைய இருக்கான்னு நீங்களே சண்டை போட்டுக்குங்க. அதைப் போட்டுக்கிட்டு எட்டு மணி நேரம் உட்கார முடியுமா, அதை முதல்ல சொல்லுங்க."

பேங்க் குமாஸ்தா, ஜடை போட்ட வீரன் என்ற தன் கருத்தைத் தானாகவே வாபஸ் வாங்கிக்கொண்டார். வாக்கெடுப்பு நடந்தது. அவள் உறுப்பினரே இல்லையே என்று நான் சட்டம் பேசினேன். கடைக்காரர் அங்கேயே உறுப்பினராக்கினார். பதினோரு கைகள் உயர்ந்தன. நானும் தூக்கினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏற்றிவிடப் போனேன். பெட்டியை நான்தான் தூக்கினேன். என்னிடம் கடைசியாக ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. முந்நூறு டிரைவர்களை விட்டுவிட்டு இவளால் எப்படி வர முடியும்? இவ்வளவு அவசரத்தில் டிப்போவில் லீவு கொடுக்க மாட்டார்களே. உன் வேலைக்கு ஆபத்து வந்துவிடப் போகிறது, வேண்டுமானால் நான் கஷ்டப்பட்டுப் போய்விட்டு வருகிறேன் என்றேன்.

"லீவு புதன்கிழமையே போட்டாச்சுங்க, உங்க மேனேஜர்கிட்ட பேசி முடிச்ச உடனே."

"ஞாயித்துக்கிழமைதானே ஓட்டெடுப்பே நடந்துச்சு. ஜெயிப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஜெயிக்கிறது பெரிசில்ல" என்று பெட்டியை வாங்கிக்கொண்டு படியில் ஏறினாள். "அதே மூணு நாள் உங்களுக்கும் லீவுன்னு அவர் சொன்னாரே. அப்பா மருந்துக்கு ரிலீவர் இல்லாம நான் லீவு போடுவேனா?"