செனானும் தாய்மாமன் மடியும்

அன்புத் தங்கை கௌசல்யாவுக்கு, திண்டுக்கல்லிலிருந்து அண்ணன் அழகுராஜா எழுதுவது. நான் சுகம். உன் சுகத்தைக் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், கடிதம் என்று வந்துவிட்டால் கேட்காமல் முடியவில்லை.

உன் மகள் காதுகுத்துப் பத்திரிகையைப் பார்த்தேன். நீ அனுப்பவில்லை, டீக்கடை இஷாக் பாய் தன் போனில் காட்டினார். ‘தாய்மாமன்: காமராஜ்’ என்று போட்டிருக்கிறாய். கூடப் பிறந்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது சித்தப்பா மகன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் காது குத்துவாயாம். நான் அப்படி என்ன செய்துவிட்டேன்? உன் வீட்டில் பால் காய்ச்சிய அன்று போட்டோவுக்கு நிற்க என்னை யாரும் கூப்பிடவில்லை, எழுந்து வந்தேன், அப்புறம் பேசவில்லை, அவ்வளவுதானே.

இந்த வயிற்றெரிச்சலோடு டியூஷன் எடுக்கப் போனால் அன்றைக்குப் பாடம் மந்த வாயுக்கள். யாரிடமும் எலக்ட்ரான் வாங்காது, யாருக்கும் கொடுக்காது, மானஸ்தனைப் போலத் தனியாக இருக்கும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். முன்பெஞ்சு ஜீவிதா எழுந்து, “சார், செனான் ஃபுளூரினோட சேருதே, ஏன் சார்?” என்றாள். விடை தெரிந்து தொலைக்கிறதே, சொன்னேன். ஹீலியம், நியான் எல்லாம் சின்ன அணு, எலக்ட்ரானை உட்கரு பக்கத்திலேயே இறுக்கி வைத்திருக்கும். செனான் பெரியது, அதன் வெளிவட்ட எலக்ட்ரான்கள் தள்ளி இருக்கும், நடுவில் மற்ற எலக்ட்ரான்கள் வேறு மறைக்கும், உட்கருவின் பிடி தளர்ந்துபோகும். ஃபுளூரின் மாதிரி வெறிகொண்டு இழுக்கிற ஒன்று வந்தால் சேர்ந்துவிடும். அவள் விடவில்லை. “அப்ப அது சேராத சாதி இல்ல சார். பலமா இழுக்க ஆள் வராமத்தான் அம்புட்டு நாளும் சும்மா இருந்திருக்கு.” வகுப்பே சிரித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டேன். சரியான பதில் சொன்னதற்காக ஒரு பிள்ளையை வெளியே நிறுத்திய வாத்தியார் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆகவே நான் வரமாட்டேன். காமராஜ் மடியிலேயே குத்திக்கொள். பிள்ளை வீறிட்டால் அவன் பதறிப்போய்க் கையை எடுத்துவிடுவான், காது கோணலாகும், ஆகட்டும், எனக்கென்ன.

மருமகளுக்கு என் ஆசிகள். மாப்பிள்ளைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், இருந்தாலும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
அழகுராஜா

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடவில்லை. காதுகுத்து நடக்கிற கன்னிவாடி மண்டபத்து வாசலில், செருப்பு கழற்றுகிற இடத்தில் நிற்கிறேன். பூ கொண்டுவந்த பேச்சாயி கையில் கொடுத்தனுப்புகிறேன். ஆசாரி வந்துவிட்டார், காமராஜ் உட்காரப் போகிறான். கௌசல்யா, வாசலுக்கு வந்து ‘அண்ணே’ என்று ஒரு தடவை கூப்பிட்டுவிடும்மா.