கார் ஓடாத ஞாயிறு

குணசேகரம் கண் விழித்தபோது தெருவில் ஒரு சத்தமும் இல்லை. அதுவே அவரைத் திடுக்கிட வைத்தது. இந்த ஜேர்மன் நகரத்து அகதிகள் விடுதியான ஹைமின் மூன்றாம் மாடிக்கு வந்த நாள் தொட்டு அவரை எழுப்பிவந்தது கார்களின் இரைச்சல்தான். யன்னல் சீலையை ஒரு விரலளவு விலக்கிப் பார்த்தார். கார் இல்லை. பஸ் இல்லை. சந்தியில் பொலிஸ்காரர்கள் தெருவுக்குக் குறுக்கே தடுப்பு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் காட்சியை யாழ்ப்பாணத்தில் அவர் எத்தனை தரம் பார்த்தவர். உடனே சட்டி, பானை, குழந்தை டிலானியின் பால் போத்தில் ஈறாக எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தார். கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். மனைவி கொறற்றி அதில் படுத்திருந்தபடியால் அவளும் சேர்ந்து வந்தாள்.

"எழும்பு கொறற்றி. ஊரடங்குச் சட்டம் போட்டிட்டாங்கள்."

"எங்கை?"

"ஜேர்மனியில."

கொறற்றி கொட்டாவி விட்டாள். "இஞ்சேருங்கோ, இண்டைக்குக் கார் ஓடாத நாள். சனம் நடந்து திரியட்டும் எண்டு நகரசபை மறிச்சு வைச்சிருக்கு. கட்டிலைத் தள்ளுங்கோ, டிலானி எழும்பப்போறாள்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"சனம் கதைச்சுது."

எந்தச் சனம், எந்தப் பாஷையில் கதைத்தது என்று குணசேகரம் அப்போதே கேட்டிருக்கவேண்டும். அவரோ கட்டிலைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

கொறற்றி கன்னியர் மடத்தில் படித்தவள். தேவாலய மண்டபத்தில் கன்னியாஸ்திரிகள் செவ்வாய்க்குச் செவ்வாய் நடத்தும் டொச் மொழி வகுப்புக்குப் போகவேண்டும் என்று மாரி தொடங்கும்போதே கேட்டாள். குணசேகரம் ஒரே காரணம் சொல்லி மறித்துவந்தார். "இஞ்சை கார் எல்லாம் பிழையான பக்கத்தால வருது. கைக்குழந்தையோட நீ ரோட்டுக் கடக்க ஏலாது." உண்மைக் காரணம் வேறு. குடும்பத்தில் டொச் தெரிந்த ஒரே ஆள் என்ற பதவி அவருடையது. எண்ணிப் பிடித்த சில சொற்களை வைத்துக்கொண்டு அந்தப் பதவியை ஆண்டுவந்தார்.

"இண்டைக்குத்தான் கார் இல்லையே," என்றாள் கொறற்றி, பால் போத்திலில் இருந்த தண்ணீரைக் கொட்டியபடி.

"கார் மட்டுமோ? வழி தெரியவேணும்."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"எனக்கு இந்த ரவுண் தண்ணி பட்ட பாடு."

அவர் கண்ட நகரம் பஸ் கண்ணாடிக்கு வெளியே ஓடியதுதான். அகதி அலுவலகத்துக்குப் போகாத நாளெல்லாம் கீழ் மாடியில், கணேசலிங்கம் அண்ணையின் அறையில், கடதாசிக் கட்டும் கையுமாக, முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டத்தில் கழியும். இருந்தாலும் ஒரு யோசனை உதித்தது.

"சரி, பந்தயம். நான் உன்னை ஒரு இடத்துக்கு நடத்திக் கொண்டுபோறன். அங்கையிருந்து நீ வீட்டை வழி காட்டு. காட்டினால் வகுப்பு. இல்லாட்டி அந்தக் கதையை இனி எடுக்கக்கூடாது."

"ஓம்."

அவ்வளவு சுருக்கான ஓம் அவரைக் கொஞ்சம் உறுத்தியது.

நடுத்தெருவில் மேசை போட்டுச் சனம் கோப்பி குடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தார் ரோட்டில் படம் கீறினார்கள். குணசேகரம் ஒன்றையும் பார்க்கவில்லை. அவளைக் குழப்பவேண்டும். இடம், வலம், ஒழுங்கை, பாலம், திரும்பவும் அதே பாலம். தேவாலயக் கோபுரம் முதலில் வலப்பக்கம் நின்றது. பிறகு இடப்பக்கம் வந்தது. பிறகு காணாமலே போய்விட்டது. அவர் கழுத்தை நீட்டிக் கூரைகளுக்கு மேலே அதைத் தேடினார்.

"இது எந்த இடம்?" என்று பிள்ளை கிடந்த பிராம் வண்டியைத் தள்ளியபடி கொறற்றி கேட்டாள்.

"மேல் பக்கம்."

"எதின்ர மேல் பக்கம்?"

"பேசாமல் வா. பிள்ளை நித்திரை."

வீடுகள் முடிந்து முட்டைக்கோவாத் தோட்டம் வந்தது. நகரத்தின் பெயருக்குக் குறுக்கே சிவப்புக் கோடு கீறிய மஞ்சள் பலகை ஒன்று நின்றது. அதற்கு அப்பால் மறிக்கப்பட்ட கார்கள். குணசேகரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னே நடந்தார்.

"அங்காலை போகாதேங்கோ."

"பயந்தாங்கொள்ளி."

"அந்தப் பலகையோட நகரம் முடியுது. அகதி அனுமதியில்லாமல் அதைத் தாண்ட ஏலாது. பொலிஸும் நிக்குது."

தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. கார்கள் உள்ளே வர ஏலாது. இவர் வெளியே போக ஏலாது. நடுவில் நின்ற பொலிஸ்காரர் இவர்களை நோக்கி வரத் தொடங்கினார். குணசேகரம் இரண்டு கையையும் உயர்த்தினார்.

பொலிஸ்காரர் தொப்பியை உயர்த்தி வணக்கம் சொன்னார். "குட்டன் டாக், ஃபிறாவ் கொறற்றி."

கொறற்றி வாய் திறந்தாள். குழாயைத் திறந்துவிட்டதுபோல் டொச் கொட்டியது. பொலிஸ்காரர் சிரித்தார். குணசேகரத்தை மேலிருந்து கீழாகப் பார்த்து, ஆகட்டும் என்பதுபோல் தலையாட்டினார்.

"என்னவாம்?" என்றார் குணசேகரம். கைகள் இன்னும் இறங்கவில்லை.

"டிலானிக்கு மற்றப் பல்லும் முளைச்சிட்டுதோ எண்டு கேக்கிறார்."

"முதல் பல்லை எப்ப பாத்தவர்?"

"செவ்வாய்க்குச் செவ்வாய் சந்தியில எனக்குக் கார் மறிச்சு விடுறவர் அவர்தான்."

கொறற்றி பிராமைத் திருப்பினாள். ஒரு சந்தியிலும் நின்று யோசிக்கவில்லை. வழியில் வெதுப்பகக்காரி யன்னலால் கையசைத்தாள். குணசேகரம் பின்னால் போனார்.

"எப்பயடி போனனீ?"

"நீங்கள் கடதாசி விளையாடேக்க."

"பனிக்குள்ளையுமோ?"

"பனியில பிராம் தன்ர பாட்டில வழுக்கிக்கொண்டு போகும்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லப் பயமாத்தான் இருந்தது. ஆனா, பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு டொக்டரிட்டப் போய் வாயில்லாமல் நிண்டது அதைவிடப் பயம். அண்டைக்கு நீங்களும் பக்கத்தில நிண்டனியள்தானே."

நின்றவர்தான். டொக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் நன்றி, நன்றி என்று டொச்சில் சொல்லிக்கொண்டு நின்றவர். ஹைம் வாசலுக்கு வந்ததும் பழைய பதவி ஞாபகம் வந்தது. தொண்டையைச் செருமினார்.

"பந்தயம் பந்தயம்தான். வாற செவ்வாய் தொட்டு நீ வகுப்புக்குப் போகலாம்."

"என்ர வகுப்பு முடிஞ்சுது. வாற செவ்வாய் ஆம்பிளையளுக்குத் தொடங்குது. உங்கட பேரைக் குடுத்திட்டன்."

"நானோ? தனியவோ?"

"பயப்பிடாதேங்கோ. நீங்கள் ரோட்டுக் கடக்கேக்க காரை மறிச்சு விடச்சொல்லி இப்பத்தானே அந்தப் பொலிஸ்காரரிட்டச் சொல்லிப்போட்டு வாறன்."