தங்கச்சி வாங்கிய ஸ்டே

“கொஞ்சம் நகரு அண்ணா. பெட்டியை உள்ளே வைக்கணும்.”

மெத்தைக் கடைக்காரர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அப்பா போனதிலிருந்து ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தங்கை. அவர் குடியிருக்கும் இந்த அப்பா வீட்டை விற்கப்போகிறார் என்றதும் பாதிப் பங்கு கேட்டுக் கோர்ட்டுக்குப் போன அதே தங்கை. இரண்டு பெட்டியும் ஒரு மின்விசிறியுமாக வந்து நிற்கிறாள்!

“யாரைக் கேட்டு வந்தே?”

“கோர்ட்டைக் கேட்டுத்தான். நேத்து ஸ்டே குடுத்துட்டாங்கல்ல? ஸ்டேன்னா தங்கறது. தங்க வந்துட்டேன்.”

கடைக்காரருக்குப் பஞ்சில் நல்லது கெட்டது தெரியும், இங்கிலீஷ் ஆகாது. உடனே வக்கீலுக்குப் போன் போட்டார்.

“ஸ்டே குடுத்தது நிஜமா சார்?”

“நிஜம்தான். மீறினீங்கன்னா கம்பி எண்ண வேண்டியதுதான். கோர்ட்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்.”

அவ்வளவுதான். பெட்டிகளைக் கடைக்காரரே தூக்கி உள்ளே வைத்தார். மனுஷன் வேறென்ன செய்வார், சொல்லுங்கள்!

அவளாகவே ஓடிவிடட்டும் என்று, கடையில் விலைபோகாமல் கட்டி கட்டியாய்க் கிடந்த மெத்தையைக் கொண்டுவந்து போட்டார். மறுநாளே அவருடைய கட்டிலில் ஒய்யாரமாகக் கால் நீட்டிப் படுத்திருந்தாள்.

“உன் மெத்தை ஜோர் அண்ணா.”

கட்டி மெத்தை அண்ணன் முதுகுக்கு வந்து சேர்ந்தது.

ஸ்டேயை எடுக்கச் சொல்லி மனுப் போட்டார். வாய்தா கிடைத்தது. அவள் தையல் மெஷினைக் கொண்டுவந்தாள். மறுபடி வாய்தா. பீரோ வந்தது.

“கேஸ் இழுக்கும் போலிருக்கு. அதான்.”

இன்னொரு வாய்தா என்றால் பூனைதான் பாக்கி என்று சலித்துக்கொண்டார். வாய்தாவும் ஆயிற்று, பூனையும் வந்தது.

இதற்கிடையில் ஒன்று நடந்துவிட்டது. தனிக்கட்டையாய்க் காலம் தள்ளியவரின் சட்டைகளுக்கெல்லாம் பொத்தான் முளைத்தது. உப்பு கூடிப்போச்சு, குறைஞ்சுபோச்சு என்று சண்டை போட வீட்டில் ஒரு ஆள் இருந்தது. காலையில் அவள் ஏதோ ஆபீஸுக்குக் கிளம்பிப் போவாள். எந்த ஆபீஸ் என்று கேட்க அவருக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் சாயங்காலம் அவள் வரக் கொஞ்சம் தாமதமானால், வாசலுக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடந்தார். சந்தோஷமாக இருந்தார், போதுமா?

ஒருநாள் வக்கீலிடம் சந்தேகம் கேட்டார்.

“ஸ்டேல பூனையும் சேருமா சார்?”

“எந்தப் பூனை?”

விஷயத்தைக் கேட்ட வக்கீல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அட கடவுளே! ஸ்டேன்னா தடை சார். நீங்க வீட்டை விக்கக் கூடாது, அவ்வளவுதான். தங்கலாம்னு யாரும் சொல்லல. ஜட்ஜ்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே அவங்களை அனுப்பிடலாம்.”

கடைக்காரர் சட்டென்று வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ, வாயைத் திறந்துடாதீங்க சார்! வீடு விக்கறதா இல்ல. பாதி அவளுக்குன்னு எழுதிக் குடுத்துடறேன். பாவம், இங்கிலீஷ் தெரியாத பொண்ணு. அர்த்தம் தெரிஞ்சா ரோஷத்துல பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவா.”

சமாதானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட இருவரும் ஒரே ஸ்கூட்டரில் கோர்ட்டுக்குப் போனார்கள். போய்ச் சேரும்வரை கடைக்காரருக்கு ஒரே கவலைதான். உள்ளே யாராவது ஸ்டேவுக்கு அர்த்தம் சொல்லித் தொலைத்துவிட்டால்?

தங்கை வராந்தாவில் நின்றாள். கடைக்காரர் நைசாகப் போய், பெயர் கூப்பிடும் டவாலியை ஓரங்கட்டினார்.

“அதோ நிக்கறா பாருங்க, என் தங்கச்சி. ஸ்டேன்னா தங்கறதுன்னு நம்பிக்கிட்டு இருக்கா. உள்ளே யாரும் அர்த்தம் சொல்லிடாம நீங்கதான் பார்த்துக்கணும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

டவாலி எட்டிப் பார்த்தார்.

“யாரு, அந்தம்மாவா? மேல் கோர்ட்ல இங்கிலீஷ் தீர்ப்பையெல்லாம் தமிழ்ல எழுதிக் குடுக்கறதே அவங்கதானே சார்!”