நான் குறைத்துப் போட்ட மூன்று வயது

பவானிபூர், கல்கத்தா
1911 நவம்பர் 20

மஹாராஜராஜஸ்ரீ அத்திம்பேர் வெங்கடசுப்ரமணியன் அவர்களுடைய சமூகத்துக்கு, மைத்துனன் நடராஜன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே அனைவரும் க்ஷேமம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே தாங்களும் அக்காவும் குழந்தைகளும் சௌக்கியமென்று நம்புகிறேன், அதுவாவது நன்றாயிருக்கட்டும்.

ஐந்து வருஷத்துக்கு முன் எனக்குக் கார்டன் ரீச் ரயில்வே ஆபீசுக்கு மாற்றலாகி, சிவராமகிருஷ்ணனை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கிளம்பியபோது தாங்கள் சொன்ன யோசனை நினைவிருக்கும். "மூணு வயசு குறைச்சுப் போடுடா, பின்னாடி உத்தியோகத்திலே மூணு வருஷம் கூட உட்காரலாம்" என்றீர்கள். பதினோரு வயதுப் பையனை எட்டு என்று எழுதினேன். தங்களைக் குறை சொல்லவில்லை. எழுதின கை என்னுடையதுதான்.

அன்று பிடித்தது சனியன். கும்பகோணத்தில் ஏற்கெனவே படித்த பாடத்தை அவன் ஒப்பித்தான். எட்டு வயதில் இவ்வளவா என்று ஹெட்மாஸ்டர் ஹரிசரண் பாபு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவர் நல்ல மனுஷர், அதுதான் கஷ்டம். கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கைதூக்கிவிட வேண்டும் என்பதில் அவருக்கு அப்படி ஒரு வெறி. வருஷ நடுவிலேயே மேல் வகுப்பு, பள்ளி விட்டதும் தனிப் பாடம், மூளைக்குத் தெம்பாகத் தன் கையாலேயே சந்தேஷ் மிட்டாய், இன்ஸ்பெக்டர் வந்தால் மேஜை மேல் ஏற்றி நிறுத்தி இங்கிலீஷ் பத்யம். பையனுக்கு மீசை அரும்பியது, குரல் உடைந்தது; அதிகமாகப் படித்து உடம்பு சூடாகிவிட்டதென்று பாபு கவலைப்பட்டுத் தலைக்குக் குளிர்ச்சியாக எண்ணெய் கொடுத்தனுப்பினார். பெற்றவள் சாவித்ரி அதைப் பிள்ளைக்குத் தேய்த்துவிட்டு அழுதாள்.

இப்போது மெட்ரிகுலேஷன் வகுப்பில் இருக்கிறான். பதினாறு வயது முடியாமல் பரீட்சைக்கு உட்காரக் கூடாதென்று யூனிவர்சிட்டி விதி. நிஜத்தில் முடிந்துவிட்டது, பள்ளி ரிஜிஸ்தரில் பதிமூன்று. "கவலை வேண்டாம், இன்னும் மூன்று வருஷம் இதே வகுப்பில் வைத்து நானே பட்டை தீட்டுகிறேன், மாகாணத்தில் முதலாவதாக வருவான்" என்கிறார் பாபு, கண்ணில் ஜலத்தோடு. கூடப் படிச்சவாளெல்லாம் காலேஜுக்குப் போயிடுவா, இவன் மீசையை வெச்சுண்டு அதே பெஞ்சைத் தேய்ச்சுண்டு உட்காரணும். நேத்திக்கு சாதத்தைப் பிசைஞ்சுண்டே சொல்றான்: "அப்பா, பதிமூணு வயசுக்குத்தான் நான் மேதை. பதினாறுக்கு நான் சுமார். சுமாராவே இருந்துட்டுப் போறேன், நிஜத்தைச் சொல்லிடுங்கோ." எனக்கு சாதம் இறங்கலை, அத்திம்பேர். பெத்த பிள்ளையோட மூணு வருஷத்தை நானே முழுங்கிட்டேனே!

ஆகையால், பெண் பார்ப்பதற்கென்று தாங்கள் வாங்கி வைத்திருக்கும் அவன் ஜாதகத்தை உடனே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பவும். மாஜிஸ்திரேட் முன் நின்று, பொய் எழுதினவன் நான்தான் என்று பிரமாணம் செய்யப் போகிறேன். ஆபீசில் சிரித்தால் சிரிக்கட்டும். பரீட்சைக்கு மனுக் கொடுக்க டிசம்பர் பதினைந்து கடைசி. இனி இந்த ஜன்மத்தில் ஒருவர் வயதிலும் கை வைக்க மாட்டேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு அவரவர் நிஜ வயதுக்குத் தக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
நடராஜன்

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்கு முன் சின்னவன் மஹாதேவனையும் அதே பள்ளியில் சேர்த்துவிட்டு வரலாமென்று போனேன். பாபு பேனாவை மசியில் தோய்த்துக்கொண்டு வயது என்ன என்றார். ஒன்பது. ஆறு என்று வாயில் வந்துவிட்டது. எப்படி வந்ததென்று எனக்கே தெரியவில்லை. பிள்ளை சுவரிலிருந்த காலண்டரைக் கடகடவென்று படித்தான். பாபு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பெரியவன் வயதைத் திருத்தினால் சின்னவன் வயதையும் கிளறுவார்கள். ஆகையால் ஜாதகத்தை அனுப்ப வேண்டாம். சிவராமகிருஷ்ணன் இப்போது தம்பியைக் கூடத்தில் உட்கார வைத்து, வாத்தியார் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லப் பழக்கிக்கொண்டிருக்கிறான்.