பருத்திக் கிட்டங்கியில் நடந்த செமினார்

சின்னமனூர்,
வெகுதானிய வருஷம், ஐப்பசி மாதம்.

மேன்மை தங்கிய மச்சான் ஒச்சாண்டி அவர்களுக்கு, சீனிச்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. கௌமாரியம்மன் புண்ணியத்தில் நானும் தங்கள் தங்கை ராக்கம்மாளும் மாடுகன்றுகளும் சுகம். வருசநாட்டில் தாங்களும் அக்காவும் மருமகள் சுருளியம்மாளும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. "மாப்பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டதாமே, கிணற்றுக்குள் பெட்டியை இறக்கி அதோடு பேசுகிறானாமே, தை மாதக் கல்யாணத்தை நிறுத்தி வைப்போம்" என்று தாங்கள் சொல்லியனுப்பிய சேதி கிடைத்தது. ராக்கம்மாள் அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். படித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வாருங்கள்.

தங்கள் மாப்பிள்ளையாகப் போகிற என் மகன் அழகர் மதராஸில் பௌதிக ஆராய்ச்சி செய்வது தாங்கள் அறிந்ததே. வானத்திலிருந்து ஏதோ ஒரு கதிர் ராப்பகலாக நம் தலைமேல் கொட்டிக்கொண்டிருக்கிறதாம். கூரையையும் துளைத்துக்கொண்டு வருமாம், ஆளையும் துளைத்துக்கொண்டு போகுமாம். அது தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்கத்தான் புரட்டாசியில் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினான். கதிர் பட்டால் பெட்டி 'டிக்'கென்று சத்தம் போடும். இவன் காதிலே குழாயை மாட்டிக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்து "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவான். பேசுகிறான் என்று தங்களுக்குச் சொன்னவர்கள் கண்டது இதைத்தான் மச்சான். பெட்டி உள்ளே கிடக்கிற வரைக்கும் மாடு கட்டித் தண்ணி இறைக்கிற கமலையை ஓட்டக் கூடாது, தண்ணி அலையக் கூடாதுன்னுட்டான். வெத்தலைக் கொடி தலை தொங்கிப் போச்சு, மாடு ரெண்டும் வேலையில்லாம நின்னு கொழுத்து ஒண்ணையொண்ணு முட்டிக்கிட்டுத் தொழுவத்துத் தூணைச் சாய்ச்சிருச்சு, ராக்கம்மா அருவாளைத் தூக்கிக்கிட்டு கயித்த அறுத்துருவேன்னு கிளம்பிட்டா. பக்கத்துத் தோட்டத்து நல்லகண்ணு, சீனிச்சாமி மகன் கிணத்துல பூதத்தைக் கட்டிப் போட்டிருக்கான்னு சந்தையில சொல்லிட்டு வந்துட்டான்.

இப்படியிருக்க, மதராஸிலிருந்து ரெண்டு புரொபசர்மாரு வந்தாக. ஒருத்தர் பெட்டி செய்யிற ஆளு, கையெல்லாம் ஈயம் பத்தவச்ச சூட்டுக் காயம். இன்னொருத்தர் கணக்குப் போடுறவரு, சட்டைப் பையில பென்சிலைத் தவிர ஒண்ணும் கெடையாது. உசரத்துல கதிரை எண்ணிப் பாக்க மேகமலைக்குப் போறதாத்தான் வந்தாக. மழை பிடிச்சு பாதை அடைச்சுப் போச்சு. சும்மா உட்கார்றதுக்கு இங்கனயே செமினார் வச்சுருவோம்னு மூட்டை அடுக்கி வைக்கிற நம்ம பருத்திக் கிட்டங்கியைக் கேட்டாக. செமினார்னா, ஒருத்தன் தான் கண்டதை நின்னு சொல்லணும், மத்தவுக அதைப் பிச்சு எடுக்கணும். அவ்வளவுதான். ஊரு என்னடான்னா, கிணத்துப் பூதத்துக்குப் பஞ்சாயத்துன்னு நெனச்சு மூட்டை மேலயெல்லாம் ஏறி உட்கார்ந்துக்கிருச்சு. சனத்தைப் பார்த்துட்டு அவுக இங்கிலீஷை விட்டுட்டுத் தமிழ்லயே பேசினாக.

அழகர் சுவத்துல கரியால கோடு போட்டுச் சொன்னான். ஆழம் போகப் போக சத்தம் குறையுதாம். ஆனா அடியில போனதும் மறுபடி கூடுதாம். "இது இதுவரைக்கும் யாரும் பாக்காதது ஐயா. புதுசா ஒரு துகள் இருக்கணும்"னான். அப்ப அவன் மூஞ்சியைப் பாக்கணுமே! அவன் பொறந்தன்னைக்கு நான் பட்ட சந்தோசம் அந்த மூஞ்சியில இருந்துச்சு. பெட்டிக்காரருகூட எந்திரிச்சு நின்னுட்டாக.

கணக்குக்காரரு மட்டும் பென்சிலை உருட்டிக்கிட்டே மெதுவாக் கேட்டாக. "தம்பி, கிணறு எதுல வெட்டினது?"

அவன் பதில் சொல்றதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன் மச்சான். நம்ம கிணத்தைப் பத்தி ஒரு பெரிய மனுசர் கேக்குறாருங்கிற பெருமை. "கருங்கல்லுங்க! ஒரே பாறை. வெடி வச்சுத்தான் எறக்குனோம். ஜில்லாவுலயே இப்படிக் கல்லு கெடையாது!"

கணக்குக்காரரு பென்சிலை உருட்டுறதை நிறுத்திட்டு விசயத்தைச் சொன்னாக. கருங்கல்லுக்குள்ளயே கொஞ்சம் கதிர் உண்டாம். அடியில பெட்டி கேட்டது வானத்துச் சத்தமில்லை, நம்ம பாறைச் சத்தமா இருக்கலாமாம். எம் மகன் சோத்துல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேன். அவன் என்னையப் பார்த்தான். பெறகு சுவத்தைப் பார்த்தான்.

"கல்லை நான் யோசிக்கல ஐயா"ன்னான். "அதுவாத்தான் இருக்கும். தெரியல. மறுபடி பாக்கணும்." அடி ஆழத்துல சத்தம் கூடுதுன்னு போட்ட கோட்டை மேல்துண்டால தொடைச்சுட்டான்.

மூட்டை மேலருந்து நல்லகண்ணு சிரிச்சான். எனக்குத் தலையைக் கொண்டுபோய் எங்கன வைக்கிறதுன்னு தெரியல. ஆனா அந்தப் புரொபசர்மாரு சிரிக்கல மச்சான், வையவும் இல்லை. கணக்குக்காரரு எந்திரிச்சுப் போய் அவன் தோளைத் தட்டி, "இதைக் கேக்கத்தானப்பா உக்காந்திருக்கோம்"னாக. பெறகு மூணு பேரும் கல்லில்லாத தண்ணிக்கு எங்கன போறதுன்னு தலையோட தலை வச்சுப் பேச ஆரம்பிச்சாக. தோத்தவன் யாரு, செயிச்சவன் யாருன்னே எனக்குப் பிரிச்சுப் பாக்க முடியல. எனக்கும் நல்லகண்ணுக்கும் வரப்புத் தகராறு எத்தனை வருசமா நடக்குது! நான் ஒருநாளாவது, "ஏப்பா, எம் பேர்ல தப்பு இருந்தாலும் இருக்கும், மறுபடி அளப்போம்"னு சொல்லியிருப்பேனா? அவந்தான் சொல்லியிருப்பானா? இருபத்தஞ்சு வயசுப் பய ஊரு முன்னால சொல்றான். சொல்லிட்டு ராத்திரி நல்லாச் சாப்பிடவும் செய்யிறான். நாந்தான் சாப்பிடல. "அப்பா, நீங்க சொல்லாட்டி நான் அந்தத் தப்பை அப்படியே அச்சடிச்சிருப்பேன்"னு எனக்கு ஆறுதல் வேற சொன்னான்.

மறுநாள் கல்லுல வெசம்னு பேச்சுக் கிளம்பி, நம்ம கிணத்துப் பக்கம் ஒரு குடம் வரல. அழகர் கிணத்தடிக்குப் போயி, எல்லாரும் பாக்க ஒரு செம்பு இறைச்சுக் குடிச்ச பெறகுதான் ஊரு அடங்குச்சு.

ஆகவே மச்சான் அவர்களே, மாப்பிள்ளைக்குப் புத்தி பேதலிக்கவில்லை. நம் இருவரையும் விட நேராகவே இருக்கிறது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். பெட்டி கரையேறிவிட்டது. கமலை ஓடுகிறது. வெற்றிலை தளிர்க்கிறது. கல்யாணம் முடியும்வரை இனி நம் குடும்பத்துத் தண்ணீர் எதிலும் எந்தப் பெட்டியும் இறங்காது என்று குலதெய்வத்தின் மேல் ஆணையாகச் சொல்கிறேன். தை மாதம் முகூர்த்தம் வைக்கச் சம்மதம் தெரிவிக்கவும். அக்காவுக்கு என் வந்தனம். சுருளியம்மாள் பதினாறும் பெற்று நீடூழி வாழ அவள் அத்தையும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
சீனிச்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ராக்கம்மாள் ஓடிவந்து சொல்கிறாள். அழகர் காலை பஸ்ஸிலேயே பெட்டியோடும் ரெண்டு புரொபசர்மாரோடும் வருசநாட்டுக்குக் கிளம்பிட்டானாம். உங்க கண்மாய் நடுவுல நின்னா எட்டுற தூரத்துல கல்லே கெடையாது, அடியில களிமண்ணுதான், மூங்கில் தெப்பம்கூட கட்டியாச்சு, உடனே வாங்கன்னு, செமினார் சேதி காதுல விழுந்ததுமே சுருளியம்மாதான் ஆள்விட்டுச் சொல்லியனுப்புச்சாம். இதைத் தபால்ல போடாம அடுத்த பஸ்ஸுலயே ஆள்கிட்டக் கொடுத்தனுப்புறேன், மூணு பேருக்குச் சோறு வைக்கச் சொல்லுங்க மச்சான். உங்க கண்மாயைப் பத்தி யாரு என்ன கேட்டாலும், தயவுசெஞ்சு நீங்க வாயைத் திறந்துராதீக.