விழுப்புரத்தில் நான் திருப்பச் சொன்ன ஸ்கிரீன்

கம்ப்யூட்டர் டீச்சர் என்றால் டி.வி. ரிமோட்டிலிருந்து இன்வெர்ட்டர் வரைக்கும் எல்லாம் தெரிந்தவள் என்று அக்கம்பக்கம் நம்பும். எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் பில் போடும் மெஷின் நின்றுபோனால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் போய் இரண்டு ஒயரைப் பிடுங்கிச் செருகிவிட்டு, பெரிய டாக்டர் மாதிரி தலையை ஆட்டிவிட்டு வருவேன். (பாதி நேரம் அது தானாகவே சரியாகிவிடும். இந்த ரகசியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.) இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருந்த மரியாதை முழுவதையும் ஒரு வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் விழுப்புரத்தில் கொட்டிவிட்டு வந்தேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. என் கணவர் நசீர் குவைத்தில் இருந்தார். எங்களுக்குச் சொந்த ஊர் கோட்டக்குப்பம் என்றாலும், எனக்குத் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை என்பதால் நானும் மாமியும், அதாவது நசீரின் அம்மாவும், அங்கேயே வாடகை வீட்டில் இருந்தோம்.

நசீர் தினமும் போன் செய்வார். அந்தப் பேச்சு இப்படித்தான் போகும்.

"சாப்டியா?"

"சாப்டேன். நீங்க?"

"சாப்டேன். இன்னா சாப்ட?"

"தோசை."

அதற்கப்புறம் அங்கே ஓடும் ஏ.சி. சத்தத்தை நானும், இங்கே ஓடும் ஃபேன் சத்தத்தை அவரும் கேட்டுக்கொண்டிருப்போம். கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்து இருந்ததே சில வாரங்கள்தான். என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை.

எங்களைக் காப்பாற்றியது ஒரு செல்போன் விளையாட்டு. விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்க வேண்டும், கிடைக்கிற துப்பாக்கியைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும், மற்றவர்களிடம் சாகாமல் தப்பிக்க வேண்டும். இரண்டு பேர் ஜோடியாக ஆடலாம், ஆடிக்கொண்டே பேசலாம். அந்தத் தீவில் இறங்கிவிட்டால் நாங்கள் வேறு ஆட்கள். "பர்வீன், பின்னாடி பாரு!" என்று அவர் கத்துவார். "மொதல்ல நீங்க குனிங்க!" என்று நான் கத்துவேன். (என் கணவரை நான் முதல்முதலாகத் திட்டியது அங்கே ஒரு பாறைக்குப் பின்னால் வைத்துத்தான்.) எதிரி போகட்டும் என்று புதருக்குள் பதுங்கியிருக்கும் நேரத்தில் அவர் மெதுவாகப் பேச ஆரம்பிப்பார். சூப்பர்வைசரின் கோபம், அறையில் யார் குறட்டை, சின்ன வயதில் கடலில் அடித்துப் போகப் பார்த்தது, எல்லாம் எனக்குத் தெரியவந்தது அந்தப் புதருக்குள்தான்.

மே மாத விடுமுறையில் அதற்கு ஆபத்து வந்தது. ஒலக்கூர் பக்கம் ரோடு தோண்டியதில் எங்கேயோ கேபிள் அறுந்து, இணையம் படுத்துவிட்டது. மறுபடி வந்த பிறகும் ஆட்டத்தின் நடுவில் எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும். மீண்டும் அசையும்போது நான் செத்துக் கிடப்பேன். அங்கே நசீரின் அறைத் தோழர்கள், "இன்னாப்பா, ஒன் பொண்டாட்டி மறுபடியும் மௌத்தா?" என்று சிரிப்பது எனக்கே கேட்கும்.

அவர்கள் தங்களுக்குள் ஜோடிப் போட்டி ஒன்று நடத்திக்கொண்டிருந்தார்கள். எப்படியோ நாங்கள் இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டோம். அது வெள்ளிக்கிழமை சாயங்காலம். அந்த வாரத்தில் ஒருநாள் நசீர் சொன்னார்:

"விடு பர்வீன். நெட்டு இப்டி பேஜாரு பண்ணிக்கினு இருந்தா நீ இன்னா பண்ணுவ? பேசாம போன்லயே பேசிக்கலாம்."

மறுபடியும் தோசைக்கா? முடியாது என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

முதலில் மோடத்தை இடம் மாற்றினேன். ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன், ஜன்னலில் கட்டினேன், அரிசி டிரம்மின் மேல் உட்கார வைத்தேன். தூசி படும் என்று மாமி பூ வேலை செய்த துணி போட்டு மூடுவார், நான் எடுப்பேன், அவர் மறுபடி மூடுவார். அதற்கு மூச்சு முட்டும் என்று சொன்ன பிறகு, பாவம், பக்கத்தில் டேபிள் ஃபேன் வைத்தார்.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் ஒரு பெண் தேன் ஒழுகும் குரலில், "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்" என்பாள். செய்தால் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும், பிறகு பழையபடி. லைன் பார்க்க வந்தவரும் அதையே செய்து, தன் போனில் பார்த்து, "சூப்பரா இருக்கே மேடம்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அவர் பைக் தெருமுனை தாண்டியதும் இணையம் படுத்துக்கொண்டது.

அப்போதுதான் எனக்குள் இருந்த கம்ப்யூட்டர் டீச்சர் விழித்துக்கொண்டாள். ஆதாரம் வேண்டும்! உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினேன். அது ஒரு பெரிய ஃபைலை இறக்கும், திருப்பி ஏற்றும், எவ்வளவு தாமதம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளும், அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். நடுவில் கொஞ்சம் இடைவெளி விடலாமா என்று யோசித்தேன். இடைவெளியில் கம்பெனிக்காரன் தப்பித்துவிட்டால்? இடைவெளியே இல்லாமல் ஓடவிட்டேன். லேப்டாப்பை சார்ஜரில் போட்டு அலமாரி மேல் வைத்தேன். குறிப்பில் வந்த எண்கள் பயங்கரமாக இருந்தன. அப்போதும் மோடத்தை அணைத்துப் போட்டால் மட்டும் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும். எனக்கோ பரம திருப்தி.

(இந்த இடத்திலேயே உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். பத்தாம் வகுப்புக்கு நெட்வொர்க் பாடம் எடுத்த எனக்குத்தான் புரியவில்லை.)

திண்டிவனம் ஆபீசில், "விழுப்புரம் போய்த்தான் பாக்கணும் மேடம்" என்று கையை விரித்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பிவிட்டேன். மாமியும் கூடவே வந்தார்.

"நீங்க எதுக்கு மாமி, வெயில்ல?"

"எம்புள்ள அங்க காத்துக்கினு கிடக்கும். நானும் நாலு வார்த்தை கேக்குறேன். ஜல்தியா நட."

கையில் மல்லாட்டை, அதாவது வறுத்த வேர்க்கடலை, பொட்டலம் வேறு. போராட்டம் நீளும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

விழுப்புரம் ஆபீசில் நல்ல கூட்டம். எல்லோருக்கும் ஏதோ ஒரு குறை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். கிளியனூர்க்காரர். அவர் மகன் என் வகுப்பு மாணவன்.

"மிஸ்ஸு, நீங்களுமா? அப்ப சரி, இன்னிக்கு இவனுங்க மாட்னானுங்க!" என்றவர், வரிசையைப் பார்த்துத் திரும்பி அறிவித்தார். "கம்ப்யூட்டர் டீச்சருங்க இவங்க. இவங்களை ஏமாத்த முடியாது."

வானூரிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா, "நீங்க கேளுங்கம்மா, நாங்க பின்னாடி நிக்கிறோம்" என்றார். மாமி எல்லோருக்கும் மல்லாட்டை விநியோகம் செய்தார். என் முறை வந்தபோது நான் தனி ஆள் இல்லை, ஒரு கட்சி.

கவுண்டரில் இருந்தது ஒல்லியான, கண்ணாடி போட்ட ஒரு தம்பி. நான் என் எண்களையெல்லாம் படித்தேன். உரிமை என்றேன், சேவைக் குறைபாடு என்றேன். பின்னால் கைதட்டல்கூட விழுந்தது. தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் எங்கள் வீட்டு இணைப்பைத் திறந்தார். பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"மேடம், ஒங்க லைன் நல்லாத்தான் இருக்குது. ஆனா உள்ள யாரோ நாள் பூரா விடாம டவுன்லோடு, அப்லோடு பண்ணிக்கினே இருக்காங்க. லைன் பூரா அதுலயே ரொம்பிப் போவுது. வேற எதுக்கும் எடம் இல்ல."

"இப்பவுமா?"

"இப்பவும் ஓடிக்கினு இருக்குது மேடம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வக்கீல் குறுக்கு விசாரணை செய்வதுபோல் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தேன்.

"கேட்டீங்களா? வீட்ல இருக்கறதே ரெண்டு பேரு. ரெண்டு பேரும் இங்க நிக்கிறோம். ரெண்டு போனும் எங்க கையில இருக்கு. வீடு பூட்டிக் கெடக்கு. அப்ப டவுன்லோடு பண்றது யாரு, பல்லியா?"

ஆபீஸ் அதிரச் சிரித்தது. கிளியனூர்க்காரர், "அப்டிக் கேளுங்க மிஸ்ஸு!" என்றார்.

தம்பி எதையோ அழுத்தினார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "மேடம், நீங்க கொஞ்சம் உள்ள வாங்களேன், தனியா பேசிக்கலாம்" என்றார்.

அவர் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். அது எனக்குப் புரிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. நானோ, மாட்டிக்கொண்டதும் ரகசியம் பேசக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன்.

"தனியா எதுக்கு? எதுவா இருந்தாலும் எல்லாருக்கும் தெரியட்டும். ஸ்கிரீன திருப்புங்க!"

"இல்ல மேடம்..."

"திருப்புங்க தம்பி!"

"திருப்புப்பா!" என்றது கூட்டம்.

தம்பி பெருமூச்சு விட்டார். அந்தப் பெரிய மானிட்டரை மெதுவாக எங்கள் பக்கம் திருப்பினார். எங்கள் வீட்டு மோடத்தோடு இப்போது இணைந்திருப்பது ஒரே ஒரு கருவி. அதன் பெயர் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: பாஸ் பர்வீன்.

லேப்டாப் வாங்கிய அன்று, யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில் நான் வைத்த பெயர்.

அலமாரி மேல், சார்ஜரில், இடைவெளியே விடாமல் ஃபைலை இறக்கி ஏற்றிக்கொண்டிருக்கும் என் ஆதாரம் கண் முன்னால் வந்தது. புரோகிராம் ஓட ஆரம்பித்த பிறகும் மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்தால் சிறிது நேரம் ஏன் நன்றாக இருந்தது என்றும் புரிந்தது. புரோகிராம் தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓட ஆரம்பிக்கும்வரைதான் அந்த நிம்மதி. அறுந்த கேபிளை அவர்கள் எப்போதோ முழுதாகச் சரிசெய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு என் இணையத்தைத் தின்றது நான்தான்.

மாமி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ஊருக்கே கேட்கும்படி கேட்டார்: "யாரும்மா இந்தப் பர்வீனு? ஒன் பேரு மாரியே இருக்குது?"

கிளியனூர்க்காரர் தொண்டையைச் செருமினார். "மிஸ்ஸு... அது நீங்களா?"

"டெஸ்ட்டுக்காக ஓடவிட்டது..." என்று ஆரம்பித்தேன். தம்பி, "பரவால்ல மேடம், எல்லாருக்கும் நடக்குறதுதான்" என்றார். அந்த ஆபீஸ் திறந்த நாளிலிருந்து யாருக்கும் நடந்திருக்காது. நான் நகர்ந்ததும் வானூர் அக்கா கவுண்டரை நோக்கிக் குனிந்து, "தம்பி, எனக்குப் பாக்கும்போது ஸ்கிரீன ஒன் பக்கமே வெச்சிக்க" என்றார்.

பஸ்ஸில் மாமி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். விக்கிரவாண்டி தாண்டியதும் அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். அழுகிறாரோ என்று பயந்துபோய்க் குனிந்து பார்த்தால், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "பல்லியா..." என்றார் ஒருதரம். அவ்வளவுதான், கூட்டேரிப்பட்டு வரைக்கும் நிற்கவில்லை.

ஆனால் நான் விடவில்லை. மானம் போனால் போகிறது, ஆட்டம் இருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் புரோகிராமை நிறுத்தினேன். சாயங்காலம் போனைக் கையில் எடுத்தால் இணையம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. தீவில் இலை அசைவது தெரிந்தது. கடைசியில் எதிர் ஜோடியும் நாங்களும் மட்டுமே மிஞ்சினோம். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள்.

"பர்வீன், குண்டு இருக்குதுல்ல? எடு. அந்தப் பக்கம் வீசு."

எடுத்தேன். கைக்குண்டின் பின்னை உருவினேன். பதற்றத்தில் வீசுவதற்கு எந்த இடத்தை அழுத்த வேண்டும் என்பது மறந்துபோய், குண்டைக் கையில் பிடித்தபடியே நசீரின் பக்கத்தில் போய் நின்றேன்.

இருவரும் சேர்ந்தே வெடித்தோம்.

பிறகு நசீர் மெதுவாகக் கேட்டார்.

"நெட்டு எப்டி இருக்குது?"

"நல்லா இருக்கு" என்றேன்.

அங்கே அறையே வெடித்துச் சிரித்தது. அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று விழுப்புரம் கதையையும் சொன்னேன். பாஸ் பர்வீன் வந்த இடத்தில் நசீருக்கு மூச்சு வாங்கியது. திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். போன் சூடாகும்வரை பேசினோம். சாப்பிட்டியா என்று இருவருமே கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தபோது கதை எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. (கிளியனூரிலிருந்து பஸ் வசதி நன்றாகவே இருக்கிறது.) லேபில் நான் யாரையாவது, "என்ன பண்ணிட்டிருக்க?" என்று அதட்டினால், பின் வரிசையிலிருந்து, "ஸ்கிரீன திருப்பட்டுமா மிஸ்?" என்று ஒரு குரல் வரும். வீட்டில் கேட்கவே வேண்டாம். சர்க்கரை வியாதிக்கார மாமா ஒருவர் ஜிலேபியைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தால், மாமி, "ஸ்கிரீன திருப்பு" என்பார். அவர் வாயைத் துடைத்துக்கொள்வார்.

போன தடவை விடுமுறை முடிந்து நசீர் கிளம்பினார். சென்னை விமான நிலையத்துக்குள் போனதும் வீடியோவில் கூப்பிட்டார். நான் போனை மேலே ஓடும் ஃபேன் பக்கம் பிடித்துக்கொண்டு பேசினேன்.

"அழுவுறியா?"

"இல்லயே. ஜலதோஷம்."

பக்கத்தில் இருந்த மாமி என்னைப் பார்த்தார். எட்டி, என் கையில் இருந்த போனைப் பார்த்தார். அதில் நசீரின் முகம் இல்லை. விமான நிலையத்தின் கூரைதான் தெரிந்தது.

"ரெண்டு பேரும் ஸ்கிரீன திருப்புங்க" என்றார் மாமி.