குடை விரியும் காட்சி

"இந்த அலமாரி போனா இங்க ஒரு கட்டில் போடலாம்" என்று அக்கா சொன்னதும், தம்பியின் கையிலிருந்த தூசித் துணி அப்படியே நின்றுவிட்டது.

அது சும்மா அலமாரி இல்லை. தரையிலிருந்து கூரை வரை சினிமா டிஸ்க்குகள், முதல் சம்பளத்திலிருந்து சேர்த்தவை. வாரம் முழுக்க ஒரு ஸ்கேன் சென்டரில் அடுத்தவர் எலும்புகளைப் படம் பிடிக்கும் தம்பி, விடுமுறை நாளில் இந்த அலமாரியைத் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் பொழுது போய்விடுவதால் படம் பார்ப்பது மட்டும் அபூர்வம்.

அக்கா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. சில நாள் தங்கிப் போகத்தான் வந்தார். அதற்குள் சமையலறை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கிவிட்டார். தம்பி வீட்டிலேயே நிரந்தரமாக இருந்துவிடலாம் என்றும் முடிவு செய்துவிட்டார். மிச்சமிருப்பது இந்த ஒரே அறைதான்.

"அக்கா, இதெல்லாம் என் உசுரு."

"உசுரு எதுக்குடா இவ்வளவு இடத்தை அடைக்குது? எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டா ஒரு சோப்புப் பெட்டி அளவுதான் வரும். நீ என்னம்மா சொல்றே?"

மனைவி சமையலறையில் உப்பைத் தேடிக்கொண்டிருந்தார். 'உ'வைக் கண்டுபிடித்துவிட்டுப் புன்னகையோடு வெளியே வந்தார்.

"தாராளமா இருங்க அண்ணி. இவரோட டிஸ்க்கைவிட நீங்கதானே முக்கியம்?"

கட்டிய மனைவியே கட்சி மாறிவிட்டதால் அவருக்கு வீம்பு ஏறியது.

"காப்பி வேற, டிஸ்க் வேற அக்கா. டிஸ்க்ல நிறத்துக்கு ஒரு ஆழம் இருக்கும். காப்பி வெளிறிப் போய் இருக்கும். பார்த்த உடனே சொல்லிடுவேன்."

"சொல்லிடுவியா? அப்போ பரீட்சை வச்சிடலாம்." அக்காவுக்குக் குரலே மாறிவிட்டது. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம். ஒரே படம், ரெண்டு தடவை. எது டிஸ்க்குன்னு சரியா சொன்னா நான் ஊருக்குக் கிளம்பறேன். தப்பா சொன்னா அலமாரி கிளம்பணும்."

"சரி" என்று வாய் சொல்லிவிட்டது. உண்மையில் அவர் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

அக்காவே படத்தைத் தேர்ந்தெடுத்தார். மழையில் கதாநாயகி குடை விரிக்கும் பழைய காதல் படம். மனைவி அதை டிவி ரிப்பேர் கடையில் கொடுத்து பென் டிரைவில் காப்பி எடுத்து வந்தார்.

டிஸ்க் கைக்குத் திரும்பியதும் தம்பி ஓர் ஊக்கை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் நுழைந்தார். அடியில் ஒரு சின்னக் கீறல் போட்டால் போதும். எது நடுவில் திக்குகிறதோ அதுதான் டிஸ்க். உயிரே போனாலும் அலமாரியை விடுவதாக இல்லை அவர்.

"என் ஊக்கை வச்சு அங்க என்னங்க பண்றீங்க?" மனைவி கதவைத் தட்டினார்.

வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னார்.

"இது பித்தலாட்டம் இல்லையா? பாவம் அண்ணி."

"நீ யார் பக்கம்?"

"நியாயத்து பக்கம். சரி, எந்த இடத்துல நிக்கும்?"

"இரு, இப்பவே போட்டுப் பார்த்துட்டு சொல்றேன்."

"ஐயையோ, வீட்ல வேண்டாம்! அண்ணி ஹாலை விட்டு அசையறதே இல்லை. நீங்க வேலை பார்க்கிற இடத்துலயே போட்டுப் பாருங்க."

நல்ல யோசனைதான். மறுநாள் ஸ்கேன் சென்டர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். படம் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. ஊக்கை எடுத்து இன்னும் அழுத்திக் கீறினார். இப்போது கம்ப்யூட்டர் உறுமியதே தவிர, படமே வரவில்லை. யாரோ சொன்ன ஞாபகத்தில் பற்பசை வாங்கிவந்து தேய்த்துக் கழுவினார். படம் வந்தது. குடை பாதி விரிந்து, அப்படியே நின்று, பிறகு ஓடியது. அவருக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

அந்த ஆனந்தத்தில்தான், வாசலில் காத்திருந்த முதுகுவலிக்காரரின் ஸ்கேன் சிடியை மேசையிலேயே விட்டுவிட்டு, குடைப் படத்தை உறையில் போட்டுக் கொடுத்தார். தெரிந்ததும் தலைதெறிக்க எதிர்த்தெரு டாக்டரிடம் ஓடினார்.

"டாக்டர், சிடி மாறிடுச்சு!"

"நினைச்சேன்" என்றார் டாக்டர். "இவர் முதுகுல மழை பெய்ய நியாயமில்லையே."

"குடையில நின்னுடுச்சு சார்" என்றார் முதுகுவலிக்காரர். "அப்புறம் அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?"

மேனேஜர் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டிலேயே இருந்து படம் பார்க்கலாம் என்றும் சொன்னார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்ட அவர், டிஸ்க்கைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"குடை பாதி விரியும்போது நிக்கும்" என்று மனைவியின் காதில் சொன்னார். "அக்கா முன்னாடி முகத்துல எதையும் காட்டிடாதே."

"எனக்கெதுக்குங்க வம்பு?"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்கா திரைச்சீலைகளை இழுத்துவிட்டார். மாற்றிப் போடும் வேலை மனைவிக்கு. "அவ ஒருத்திதான் இந்த வீட்ல நியாயமானவ" என்று அக்காவே சொல்லிவிட்டார். மனைவி டிவிக்குக் கீழே இருந்த அலமாரிக் கதவுக்குள் கையை விட்டு ஏதோ செய்தபோதெல்லாம், அக்காவின் உத்தரவுப்படி அக்காவும் தம்பியும் சுவரைப் பார்த்து நின்றார்கள். பிறகு மனைவி, மடியில் ரிமோட்டுகளோடு சோபாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

முதல் தடவை குடை முழுசாக விரிந்தது.

இரண்டாவது தடவை மழை வந்தது. கதாநாயகி வந்தாள். குடை பாதி விரிந்து நின்றது. அவருக்கு மூச்சும் நின்றது. படம் மறுபடி ஓடியதும் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தார்.

"ரெண்டாவதுதான் டிஸ்க்!"

"நடுவுல நின்னுச்சே, அதை வச்சு சொல்றியா?"

"சேச்சே. நிறம் அக்கா. அந்த ஆழம்!"

அக்கா திரும்பி மனைவியைப் பார்த்தார். மனைவி தலையைக் குனிந்துகொண்டார். "இவர் சொன்னதுதான் சரி அண்ணி."

அக்கா பேச்சு மாறாதவர். மறுநாள் காலையிலேயே பெட்டியோடு கிளம்பிவிட்டார். வாசலில் மனைவிக்குக் கண் கலங்கியது. "இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம் அண்ணி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அன்று மாலை தம்பி அலமாரி முன்னால் நின்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்.

"கீறல் இல்லாட்டாலும் கண்டுபிடிச்சிருப்பேன் தெரியுமா? ரெண்டாவது தடவை அந்த மழையில எவ்வளவு தெளிவு! காப்பியில வருமா அது?"

"வராதுங்க" என்றார் மனைவி, உப்பு டப்பாவை அடுப்புப் பக்கத்தில் அதன் பழைய இடத்திலேயே வைத்தபடி.

அழைப்பு மணி அடித்தது. அவரே போய்க் கதவைத் திறந்தார். பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பெட்டியை அணைத்துக்கொண்டு டிவி ரிப்பேர் கடைக்காரர் நின்றிருந்தார்.

"உங்க டிஸ்க் பிளேயர் சார். போன வாரமே ரெடி, உங்க அக்கா ஊருக்குக் கிளம்பின பிறகுதான் கொண்டு வரணும்னு அம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க."